பாய்மரத்தடிக் காசு

புளியும் செம்பும் சேர்ந்து வேகும் வாசனை. பக்கத்து வீட்டில் யாரோ பண்டிகைக்குப் பாத்திரம் விளக்குகிறார்கள். அது சுவரைத் தாண்டி வந்துவிட்டது. முதலில் புளிப்பு வரும். அதன் பின்னாலேயே, நாக்குக்கு அடியில் காசை வைத்துக்கொண்டாற்போல ஒரு கசப்பு. எழுதிக்கொண்டிருந்ததை விட்டு எழுந்தேன். சன்னலைச் சாத்தினேன். திரும்பத் திறந்தேன். ஐம்பதை நெருங்குகிறவன் ஒரு வாசனைக்குப் பயந்து அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பது வேடிக்கைதான். பழங்காசு சேர்ப்பதை விட்டு எத்தனையோ வருடமாயிற்று. மூக்குதான் இன்னும் விடவில்லை.

யுத்த காலத்தில் நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். சொந்த ஊர் விளாத்திகுளத்துக்கு வடக்கே, கரிசல் காடு. கல்யாணம் ஆகவில்லை. பனைநார்த் தும்பு அடுக்கிய ஒரு சரக்குக் கிட்டங்கிக்கு மேலே மாடி அறை. படுத்தால் கீழேயிருந்து தும்பின் காய்ந்த வாசனையும், திறந்த சன்னல் வழியே கடலின் ஈர வாசனையும் என் மார்புக்கு மேல் வந்து முட்டிக்கொள்ளும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, பதினாறு தீப்பெட்டிகள். தீப்பெட்டிகளுக்குள் அரசர்கள்.

செம்புக்குப் பஞ்சம் வந்து சர்க்கார் நடுவில் ஓட்டை போட்ட காலணாவை விட்டிருந்த நேரம் அது. பழைய செம்பெல்லாம் உருக்கும் உலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரக் கடைகளின் பின்கட்டில் உட்கார்ந்து, உடைந்த குடம், ஓட்டைக் கரண்டிகளின் குவியலுக்குள் கைவிட்டுத் துழாவுவேன். பாண்டியன் காசு, நாயக்கர் காசு, ஒல்லாந்தர் காசு, இலங்கையிலிருந்து யாரோ இடுப்பில் முடிந்துவந்த காசு. எல்லாம் தேய்ந்தவை. ஆபீசில் எனக்குச் செல்லாக்காசு என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன். வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிட அந்த ஊரில் ஆளில்லை.

காசைப் படிப்பதற்கு வெளிச்சம் நேராக விழக்கூடாது, சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் தேய்ந்த மேடும் பள்ளமும் நிழலால் எழுந்து நிற்கும். என் மேசைக்கு அப்படிப்பட்ட வெளிச்சம் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும், அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் அன்று முழுவதும் உயிரோடிருந்தேன் என்று சொன்னால் மிகை. ஆனால் வேறு எதற்காக இருந்தேன் என்று கேட்டால் பதில் இல்லை.

அந்த வெளிச்சம் ஏமாற்றவும் செய்யும். ஆதிச்சநல்லூர்ப் பக்கம் ஆற்று மணலில் கிடைத்தது என்று ஒருவர் கொடுத்த காசில் நான் மூன்று வாரம் இரட்டை மீனைப் பார்த்தேன். செதில்கூடப் பார்த்தேன். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, சென்னையில் காசு தெரிந்த ஒருவருக்கு அனுப்பினேன். ஒரு கார்டு வந்தது. 'மீன் அல்ல. நிற்கும் மனிதனின் இரண்டு கால்கள். பிற்காலத்தது.' அவ்வளவுதான். திரும்ப எடுத்துப் பார்த்தேன், கால்கள்தான். ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டுவிட்டால் கண் அதைச் செய்து கொடுத்துவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருக்கும். ஒருநாள் பக்கத்து மேசைக்காரரிடம், காசு அடிக்கிற அச்சில் எல்லாவற்றையும் மாற்றித்தான் வெட்ட வேண்டும், வலப்பக்கம் பார்க்கும் ராசா வேண்டுமென்றால் அச்சில் இடப்பக்கம் பார்க்க வெட்ட வேண்டும், எழுத்தும் அப்படித்தான், மறந்துபோன அச்சுக்காரன் அடித்த பக்கம் மாறிய எழுத்துக் காசு ஒன்று என்னிடமே இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "ஏலே, ஒனக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சாத்தான் இது அடங்கும்" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வாய் வீடு வரும்வரை வலித்தது.

கடற்கரையில் பழைய தோணிகளைப் பிரிக்கும் இடத்துக்குப் போக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். தோணி கட்டும்போது பாய்மரத்தை ஊன்றும் கட்டையில் ஒரு குழி தோண்டி, காசு ஒன்றைப் போட்டு, அதன் மேல் மரத்தை நிறுத்துவார்கள். கையிலிருக்கிற காசுகளிலேயே பழையதாக, வீட்டில் தலைமுறையாகக் கிடந்ததாகப் பார்த்துப் போடுவார்கள். தோணி கிழடாகிப் பிரிக்கிறபோது அந்தக் காசு வெளியே வரும். தோணிகளைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்த ஓடாவி ஒருவர் எனக்குப் பழக்கமானார். உளியைக் காதில் செருகிக்கொண்டு பேசுவார்.

"இந்தாங்க அண்ணாச்சி, இன்னொரு ராசா. மூஞ்சி தேஞ்ச காசுக்கெல்லாம் நீங்க ஒருத்தர்தான் மருமவன்."

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கொடுத்தது வேறு மாதிரி இருந்தது. பிரித்த தோணியிலிருந்து வந்ததில்லை. தெற்கே கரையில் ஒதுங்கிய ஒரு கட்டையை யாரோ விறகுக்கு விற்றிருக்கிறார்கள். இவர் பார்த்து, பாய்மரக்கட்டை என்று கண்டு, குழியில் அடைத்திருந்த தேங்காய் நாரைக் கெல்லி எடுத்திருக்கிறார். உள்ளே காசு. காசின் மேல் தடிப்பாக மஞ்சள் மெழுகு.

"எந்தத் தோணி?" என்று கேட்டேன்.

"கட்டையில பேரா எழுதியிருக்கு? நம்மூர்ல கட்டுனதுல்ல, அது மட்டும் தெரியுது. கடல்ல கெடந்து ஊறியிருக்கு. வேணுமா, வேண்டாமா?"

மெழுகின் ஓரத்தில் காசு கொஞ்சம் தெரிந்தது. ஒரு கிரீடத்தின் முனை. ஒல்லாந்தர் காசு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய எந்த மாகாணத்துக் கேடயம்? ஒல்லாந்தர் காசுகளில் சாதாரண சிங்கம் என்னிடம் நாலைந்து உண்டு. அலைகளுக்குள்ளிருந்து பாதி உடம்பு மேலே எழும் சிங்கம் என்று ஒன்று உண்டு. அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். அறைக்கு வந்ததும் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மெழுகில் ஏதோ ரேகைகள் இருந்தன. பூதக்கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தேன். ராசாவைத் தேடி வந்தவனுக்கு அவை வாசலில் கிடக்கிற தூசி. சட்டியில் புளியைக் கரைத்து அடுப்பில் வைத்துக் காசை உள்ளே போட்டேன். மஞ்சள் படலம் ஒன்று மேலே வந்து மிதந்தது. அதைச் சன்னலுக்கு வெளியே ஊற்றினேன். நாலு தரம் தேய்த்ததும் சிங்கம் வந்தது. அலைக்கு மேலே மார்பு வரைக்கும். தனியாக ஓர் அறைக்குள் நின்றுகொண்டு, கேட்க ஒருவரும் இல்லாமல், "வந்துட்டியா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்தச் சாய்ந்த வெளிச்சம் மேசைக்கு வந்த நேரம், கதவு தட்டப்பட்டது. அந்த அறைக் கதவை யாரும் தட்டியதில்லை. வாடகை கேட்கிறவர்கூடக் கீழேயிருந்து சத்தம்தான் போடுவார்.

முப்பது வயதிருக்கும் ஒரு பெண். கடற்கரைத் தெருக்காரி; சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள். கழுத்தில் தாலியோடு சிலுவை. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கவில்லை.

"பழங்காசு பாக்குற அண்ணாச்சி நீங்கதானா?"

என் உடம்பு முழுவதும் ஒரு சந்தோஷம் ஓடியது. இன்று அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். காசைப் பற்றிக் கேட்க ஒருவர் என் படியேறி வந்துவிட்டார். இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"ஓடாவி ஒரு காசு குடுத்தாராமே. மெழுகு வச்சது."

எடுத்து மேசையில் வைத்தேன். பளபளவென்று இருந்தது. அவள் அதைத் தொடாமல் பார்த்தாள்.

"மெழுகு எங்க?"

"கழுவிட்டேம்மா. அது இருந்தா உள்ள இருக்கிறது தெரியாது, அதனால..."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் உட்கார்ந்தாள். சொன்னாள். அவள் வீட்டுக்காரர் தோணித் தண்டல்; தோணியை நடத்துகிறவர். அந்தத் தெருவிலேயே ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு, வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக் கொழும்புக்குப் போனவர். ஆறு மாதமாகிறது. எந்தக் கப்பல் எங்கே என்று யாரும் வாய் திறக்காத காலம். தோணியைப் பற்றி யார் சொல்வார்கள்? இலங்கையில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. முங்கிவிட்டது என்று ஒரு பேச்சு. கொழுந்தன்மார் துட்டி கொண்டாடிவிடலாம் என்கிறார்கள். கோயிலில் ஆத்துமப் பூசைக்குச் சொல்லி, தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். இவள் மாட்டேன் என்று நிற்கிறாள்.

"பூசை குடுத்துட்டா அவுக வார வழிய நாமளே அடைச்ச மாரில்லா ஆயிரும்? நான் ஒத்தையா நின்னு சண்ட போடுதேன் அண்ணாச்சி. அவுக தோணி வெளியூர்ல கட்டுனது, நானும் போயிருந்தேன். பாய்மரம் வைக்கயில காசு போட்டு, கோயில் மெழுவுதிரிய உருக்கி மேல ஊத்தி, அவுக பெருவெரலால அமுக்குனாக. நான் பக்கத்துல நின்னேன். காசு எப்பிடி இருந்துச்சுன்னு எனக்கு நெனவு இல்ல. எல்லாம் ஒரே மாரித்தான இருக்கு. வெரல் நெனவு இருக்கு. அவுக சங்கு குளிக்கப் போன வயசுல சிப்பி கிழிச்சு, வலது பெருவெரல்ல ஒரு தழும்பு உண்டு. மெழுகுல அது விழுந்திருக்கும். அதப் பாக்கத்தான் வந்தேன்."

கழுவிய சட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

"நீங்க பாத்தியளா? கண்ணாடி வச்சிப் பாப்பியளாமே. தழும்பு கெடந்துச்சா?"

ரேகைகள் இருந்தன. அதுவரை உறுதி. அவற்றின் நடுவில் ஒரு கோடு? கண்ணை மூடினால் தெரிந்தது. ஆனால் அது நான் வெள்ளிக்கிழமை பார்த்ததா, இவள் சொன்னபிறகு என் கண் செய்து கொடுத்ததா? மூன்று வாரம் இல்லாத மீனுக்குச் செதில் எண்ணியவன் நான்.

"ஏதோ கோடு இருந்த மாதிரி..." என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். கெட்டிக்காரி. "தழும்பு எப்பிடிக் கெடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க வரைஞ்சு காட்டுங்க. நீங்க நெசமாவே பாத்தியளான்னு அப்பந்தான் தெரியும்."

படியெடுக்கும் தாளில் பெருவிரல் அளவுக்கு ஒரு வட்டம் போட்டேன். பென்சில் தானாகப் போயிற்று. வலப்பக்கம் மேலேயிருந்து இடப்பக்கம் கீழே சாய்ந்து ஒரு கோடு. கீழ்முனைக்கு வந்ததும் கை நின்று, கோடு இரண்டாகப் பிரிந்தது. மீன் வால் மாதிரி. இதை ஏன் போடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கை வெள்ளிக்கிழமையை நினைவில் வைத்திருந்தது போலிருக்கிறது.

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். "அடியில ரெண்டா பிரியும்," என்றாள் மெல்ல. "நான் சொல்லவே இல்லியே."

தன் வலது பெருவிரலை நிமிர்த்தி, இடதுகை நகத்தால் அதன் மேல் கீறிக் காட்டினாள். இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே. விரலைத் தாளின் பக்கத்தில் வைத்தாள். பார்த்தாள். திரும்பப் பார்த்தாள்.

"பக்கம் மாறிக் கெடக்கே."

"என்னம்மா?"

"அவுகளுக்கு இங்கன எறங்கும். நீங்க அங்கன எறக்கியிருக்கிய. இது வேற ஆளு வெரல்." அவள் குரல் ஏறியது. "சிப்பி கிழிக்காத வெரல் கடக்கரையில யாருக்கு இருக்கு? யாருக்குன்னாலும் ரெண்டா கிழிச்சிருக்கும். இது அவுகளுது இல்ல. ஏசுவே, அவுகளுது இல்ல."

சிரித்துவிட்டாள். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எழுந்தாள்.

அப்போது நான் செய்ததை இத்தனை வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். எந்த வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலும் ஒன்றுதான் தெரிகிறது. கெட்ட எண்ணம் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நேர்மையும் இல்லை. அவள் ஒரு தப்புச் செய்தாள். காசு படிக்கிற எவனும் முதல் நாளிலேயே தாண்டிவிடும் தப்பு. அதைத் திருத்த எனக்குத் தெரியும். ஆபீசில் யாரும் கேட்காமல் என் தொண்டையிலேயே நின்றுபோன பேச்சு அது. இதோ கேட்க ஒருவர்.

"இல்லம்மா, இல்ல, இருங்க," என்றேன். "அச்சுன்னா மாறித்தான் விழும். அதான் அதுல உள்ள சூட்சுமம். இருங்க, செஞ்சே காட்டுதேன்."

ஊர் விளக்கை அணைக்கும் யுத்தகால இருட்டடிப்புக்காக வைத்திருந்த மெழுகுதிரியை ஏற்றினேன். ஒரு தீப்பெட்டி மூடியின் மேல் மெழுகைச் சொட்டவிட்டேன். தையல் நூலில் கொஞ்சம் அறுத்து, எச்சில் தொட்டு, அவள் கீறிக் காட்டிய அதே மாதிரி, இடமிருந்து வலமாக, அடியில் இரண்டாகப் பிரித்து, என் பெருவிரலில் ஒட்டினேன். சூடு அடங்கும் நேரம் பார்த்து மெழுகில் அழுத்தினேன். என் கை அவ்வளவு நிதானமாக வேலை செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விரலை எடுத்தேன். மூடியை அவள் பக்கம் தள்ளினேன்.

"பாத்தியளா? வெரல்ல அப்படி. மெழுகுல இப்படி. நான் வரைஞ்சது சரியா..."

அங்கேதான் என் காதில் என் பேச்சு விழுந்தது.

வெளிச்சம் மேசையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மெழுகில் அந்தக் கோடு வலப்பக்கம் மேலேயிருந்து இடப்பக்கம் கீழே சாய்ந்து, அடியில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் தாளிலும் அதே கோடு. கீழே கிட்டங்கியில் தும்புக்கட்டு ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. அவள் குனிந்து மெழுகின் மேல் ஊதினாள், ஆறட்டும் என்பது போல.

"நல்லாத்தான் செஞ்சு காட்டுனிய," என்றாள்.

"அம்மா, நான்..."

"வேண்டாம்." காசை முதல்தடவையாகக் கையில் எடுத்தாள். திருப்பினாள். "இதுல என்ன படம்?"

"சிங்கம்."

"அடியில கோடு கோடா?"

"தண்ணிம்மா. அலை."

"தண்ணிக்குள்ள போவுதா, வெளிய வருதா?"

"வருது," என்றேன். "எந்திரிச்சு வருதுன்னுதான் சொல்லுவாங்க."

"அது மட்டும் வந்துட்டு," என்றாள். முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் செத்துப்போயிருப்பேன்.

கதவருகே நின்று திரும்பினாள். "நீங்க எங்கூட வரணும். கொழுந்தன்மாருக்கு இதச் செஞ்சு காட்டணும். பொம்பள சொன்னா வெளங்காது, கிறுக்கு புடிச்சிட்டும்பாக. ஆறு மாசமா இல்ல இல்லன்னு கத்துனவ, இன்னைக்கி வந்து ஆமாங்கா, என்னத்த வச்சு ஆமாங்கான்னு கேப்பாக."

மெழுகுதிரி, நூல், தீப்பெட்டி, வரைந்த தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம். தெருவில் வலை உலர்ந்தது. கருவாட்டு வாசனையும் யார் வீட்டிலோ வறுக்கும் தேங்காயும். அவள் முன்னால் போனாள், நான் பத்தடி தள்ளி. எங்களைப் பார்த்து ஒரு கிழவர், "யாருளா அது, ஆபீஸ்காரரா? கொழும்புல இருந்து தாக்கல் உண்டுமா?" என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமாம் என்பதாகவும் இருக்கலாம், இல்லை என்பதாகவும் இருக்கலாம். அவர் மகனும் அந்தத் தோணியில்தான் போயிருந்தான் என்று எனக்கு எப்படியோ தெரிந்தது.

அவள் தெரு தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டாள். மாதா சுரூபம் வைத்த கல்லுக் கெபிக்கு எதிரே. தெரு நீளமாக, வெயில் போன மணலாகக் கிடந்தது. வாசல்களில் பெண்கள் உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி வாரிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பாட்டைப் பாதியில் விட்டுச் சிரித்தாள். இவள் அதையெல்லாம் ஒரு வீடு விடாமல் பார்த்தாள். என் கையிலிருந்த தீப்பெட்டி மூடியையும் தாளையும் வாங்கிக்கொண்டாள். மெழுகுதிரியை வாங்கவில்லை.

"நீங்க இங்கனயே நின்னுக்கிடுங்க அண்ணாச்சி. கூட வராதிய. இத நானே காட்டிக்கிடுதேன். நான் போயி வாயத் தொறக்குற வரைக்கும் இந்தத் தெருவுல எட்டு ஆம்பளயளும் உசுரோடதான் இருக்காக. நான் கொஞ்சம் மெல்லப் போறேன்."